பக்கத்தைவிடச் சிறிய படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மறுமலர்ச்சிக் கால மாதா ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்தாலிய ஓவியர் மசாச்சோவுக்கு நம் இதழ்களில் இவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம். அச்சும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே உயரத்துக்குப் போட்டிருந்த அவருடைய இரண்டு படங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

இடப்பக்கத்தில் இருப்பது, பீசா நகர ஆலயம் ஒன்றுக்காக அவர் 1426-ல் வரைந்த பீட ஓவியத்தின் நடுப்பலகை. இப்போது லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 135 செ.மீ. வலப்பக்கத்தில் இருப்பது ஃப்ளோரன்ஸ் நகரின் உஃபீசி கலைக்கூடத்தில் உள்ள ‘கிச்சுகிச்சு மூட்டும் மாதா’. அதன் உயரம் 24.5 செ.மீ., அகலம் 18.2 செ.மீ. உங்கள் பக்கத்தில் அது அசலைவிடப் பெரிதாகவே வந்துவிட்டது! படங்களின் கீழே ஓவியர் பெயரும் ஊரும் இருந்தன, அளவு இல்லை. கட்டுரையும் இரண்டையும் ‘ஆலய ஓவியங்கள்’ என்று சேர்த்தே பேசிவிட்டது.

பீசா ஓவியம் ஊர் கூடி வணங்குவதற்கு. குழந்தை திராட்சை தின்கிறது. திருப்பலியில் வைக்கும் திராட்சை இரசத்தின் அடையாளம் அது என்று கூட்டத்தில் தள்ளி நிற்பவருக்கும் புரியும். சின்னப் பலகை அப்படியல்ல. ஒருவர் தன் அறையில் தனியாக ஜெபிக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கானது. அவ்வளவு கிட்டே போனால்தான் அதில் நடப்பது தெரியும். அன்னை இரண்டு விரலைப் பிள்ளையின் மோவாய்க்கு அடியில் கொடுத்துக் கூச்சம் காட்டுகிறாள். அவன் தாங்கமாட்டாமல் அவள் கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறான். கழுத்தில் சிவப்புப் பவளம். பிள்ளைகளுக்குத் தீங்கு அண்டாமல் இருக்க இத்தாலியில் அணிவிப்பார்கள். இத்தனை விளையாட்டிலும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மகனுக்கு வரப்போவது தெரிந்தவள் போல இருக்கிறாள். அந்த இரண்டு விரல்களும் ஆசி கூறும் கையை நினைவூட்டுகின்றன என்பவர்களும் உண்டு. எனக்கு அதை அப்படிப் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. கொஞ்சுவதும் ஆசீர்வதிப்பதும் தாய்க்கு ஒன்றுதானே.

பலகையின் பின்பக்கத்தையும் கட்டுரை தொட்டிருக்கலாம். அங்கே அந்தோனியோ காசினியின் குலச்சின்னம் கர்தினால் தொப்பியோடு வரையப்பட்டிருக்கிறது. சியேனாவின் ஆயராக இருந்த அவர் 1426-ல்தான் கர்தினால் ஆனார். மசாச்சோவோ 1428-ல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துவிட்டார். ஆகவே ஓவியம் இந்த இடைவெளியில் பிறந்தது என்று கணிக்கிறார்கள். சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடும் படத்துக்கு யாரும் முதுகில் சின்னம் வரைந்து அழகு பார்க்கமாட்டார்கள். கையில் எடுக்கவும் திருப்பிப் பார்க்கவும் செய்த பொருள் இது.

கையடக்கமாக இருந்ததே அதற்கு வினையாகவும் ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடம் போன அதை, பறிபோன கலைச்செல்வங்களைத் தேடி மீட்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ரொடால்ஃபோ சிவியேரோ 1947-ல் இத்தாலிக்குக் கொண்டுவந்தார். 1971-ல் ஃப்ளோரன்ஸின் பலாட்சோ வெக்கியோ மாளிகையிலிருந்து மறுபடியும் திருடு போனது. 1973-ல் மறுபடியும் கிடைத்தது.

உஃபீசி வரை போய்ப் பார்க்க எத்தனை வாசகர்களால் முடியும்? பெரும்பாலோருக்கு உங்கள் பக்கம்தான் அருங்காட்சியகம். எனவே ஓவியம் எதுவானாலும் அதன் கீழே உயரம், அகலம் இரண்டையும் தவறாமல் போடுங்கள். அரை வரிகூட ஆகாது. இந்த மாதாவை மட்டும் அடுத்த இதழில் அசல் அளவிலேயே ஒருமுறை அச்சிட முடியுமா? சுற்றிலும் வெள்ளையாக விட்டாலும் பரவாயில்லை. பின்பக்கத்துப் படமும் கிடைத்தால் கூடவே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை