கூடைப்பந்து நடுவர்கள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த நடுவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன், அங்கே எல்லோரும் தவறாமல் இருப்பார்கள்.

செயற்குழு 4 முறை கூடியது. மே மாதம் பெரியகுளம் போட்டியைப் பார்க்க வேன் வைத்துப் போய் வந்தோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதித் திருத்தங்கள் பற்றி ஒரு மாலை வகுப்பு நடந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை சைகைப் பயிற்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “செயலாளருக்கு வேறு வேலை இல்லை, கிழவர்களைக் கூட்டி வைத்து விரல் எண்ணச் சொல்கிறார்” என்று பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசிக் கால் பகுதியில் 3 நிமிடம் பாக்கி. வெள்ளை அணியின் 23-ம் எண் ஆட்டக்காரர் மீது நடுவர் பவுல் ஊதினார். ஸ்கோர் எழுதுபவர்கள் உட்காரும் டேபிளை நோக்கி நடந்துகொண்டே ஒரு கையில் 2 விரல், மறு கையில் 3 விரல், இரண்டையும் ஒன்றாகக் காட்டினார். விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை, அதனால் எண்ணைச் சொல்லவும் இல்லை. ஸ்கோர் ஷீட் எழுதிய கல்லூரி மாணவி கண்ணில் பட்டதைக் கூட்டி 5 என்று எழுதினார். அந்த அணியின் 5-ம் எண் பையனுக்கு ஏற்கெனவே 4 பவுல். ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டியதுதானே? பவுல் நடந்தபோது அவன் எதிர்க் கோடியில் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் நடந்ததை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். பயிற்சியாளர் மேசையைத் தட்டினார், அந்தப் பெண் அழுதுவிட்டார், ஆட்டம் 20 நிமிடம் நின்றது.

அந்த நடுவர் யார் என்று தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நான்தான். ஒரு பக்க ஃப்ளட் லைட் எரியவில்லை, மைக்கில் நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் காட்டியது என் கை.

நம்மில் மூத்தவர்கள் 4 முதல் 15 வரை மட்டுமே சட்டை எண் இருந்த காலத்தில் பழகியவர்கள். 11 முதல் 15 வரை வலது கை முஷ்டி, இடது கையில் விரல்கள், அவ்வளவுதான். 2014-ல் 99 வரை எந்த எண்ணையும் போடலாம் என்று ஃபிபா மாற்றியது. இப்போது நம் பையன்கள் தோனிக்காக 7, கோலிக்காக 18, ரோகித்துக்காக 45 என்று கிரிக்கெட் எண்களைப் போட்டுக்கொண்டு கூடைப்பந்து ஆட வருகிறார்கள். 23 என்றால் முதலில் புறங்கை டேபிளுக்குத் தெரியும்படி 2 விரல், பிறகு கையைத் திருப்பி உள்ளங்கை தெரிய 3 விரல். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். அந்த மூச்சை விடாததால் வந்த வினைதான் பொங்கல் போட்டியில் நடந்தது.

ஆகவே பிப்ரவரி முதல் ஞாயிறு காலை 6.30-க்குப் பயிற்சி தொடங்கினோம். சைகை காட்டுவதற்கு முன் ஒவ்வொரு நடுவரும் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுத வேண்டும் என்பது என் யோசனை. ஒரு செல்போனில் கூட்டத்தின் இரைச்சலை ஓடவிட்டோம். எதிரே நிற்பவர் பவுல் கொடுப்பார், உட்கார்ந்திருப்பவர் எழுதுவார், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் வாரம் ஒரு தாள்கூடச் சரியாக ஒத்துவரவில்லை. 25 ஆண்டு விசில் ஊதிய ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நாம இப்படியா காட்டுறோம்?” என்றார்.

அங்கே கண்ட பழக்கங்களில் சிலவற்றைப் பதிவு செய்கிறேன். பவுலுக்கு முஷ்டி, பந்தோடு ஓடுவது போன்ற வயலேஷனுக்கு விரித்த உள்ளங்கை. நம்மவர் பலர் வாழைப்பழம் பிடித்த மாதிரி பாதிக் கையைத் தூக்குகிறார்கள். கடிகாரக்காரருக்கு நேரத்தை நிறுத்தத்தான் தெரியும், எதற்காக நிறுத்தினார் என்று தெரியாது. தடுத்ததற்கு இரு கைகளையும் இடுப்பில் வைத்தால் போதும், கரகம் ஆடத் தேவையில்லை. பவுல் செய்தவர் முகத்துக்கு நேரே விரல் நீட்டுவதை அடியோடு விட வேண்டும், பாதிச் சண்டை அந்த விரலில்தான் ஆரம்பிக்கிறது. டேபிளுக்குத் தெரியும் இடத்தில் இரண்டு காலும் நின்ற பிறகு எண், பவுலின் வகை, கடைசியாக ஃப்ரீ த்ரோ எத்தனை அல்லது பந்து எந்தப் பக்கம். இந்த வரிசை மாறினால் எழுதுபவர் கை தடுமாறுகிறது.

கையோடு வாயும் பேச வேண்டும் என்று விதிப்புத்தகமே வலியுறுத்துகிறது. சர்வதேச ஆட்டமென்றால் ஆங்கிலத்தில். நம் ஊரில் எந்த மொழி என்று அரை மணி நேரம் விவாதித்தோம். தமிழில் சொன்னால் இரைச்சலில் பதினேழும் பதினெட்டும் ஒன்றாகக் கேட்கிறது. கடைசியில் “வெள்ளை, ஒன்று, ஏழு” என்று தனித்தனி இலக்கமாகச் சொல்வது என முடிவானது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நம் வசதிக்கு வைத்துக்கொண்டது.

முதல் ஞாயிறு 11 பேர் வந்தார்கள். இரண்டாவது ஞாயிறு 7 பேர். நான்காவது ஞாயிறு நான், பொருளாளர், டீ கொண்டுவந்த பையன். அவனையே ஸ்கோரராக உட்கார வைத்தோம், நன்றாகவே எழுதினான். அன்று வராதவர்களில் 9 பேர் அதே நாள் மாலை “சனிக்கிழமை மேட்ச் இருக்கா அண்ணே?” என்று கேட்டிருந்தார்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வந்தது செலவாகிவிட்டது. பெரிய செலவு, குண்டு இல்லாத விசில்கள் வாங்கியது. விசிலுக்குள் குண்டு சிக்கி, ஊதியும் சத்தம் வராமல் ஆட்டத்தின் நடுவே தவித்தவர் கனடா நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட். அவர் 1987-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபாக்ஸ் 40-ஐத்தான் வாங்கினோம். வாங்கிக்கொண்ட சிலர் இன்னும் அதற்கும் பணம் தரவில்லை, சந்தாவும் தரவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், டீக்கடைக்காரருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி. முக்கியமாக, அந்தக் கல்லூரி மாணவிக்கு. மன்னிப்புக் கேட்டு அழைத்தபோது மறுக்காமல் பயிற்சிக்கு வந்து, எங்கள் சைகைகளைத் திருத்தினார்.

அடுத்த ஆண்டு இதே பொறுப்பில் நான் இருப்பேனா என்பது உங்கள் கையில். முழங்கால் முன்போல் இல்லை. இளைஞர் யாராவது முன்வந்தால் சாவி, ரசீது புத்தகம், பட்டியல் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் ஜூன் முதல் ஞாயிறு, காலை 6.30, அதே மைதானம். மேட்ச் ஒதுக்கும்போது அன்றைய வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பொருளாளர் வாசல் பக்க மேசையில் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வடை அந்த மேசைக்கு அப்பால்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்