சின்னவளுக்கு எந்த டிகிரி?

ஆம்பூர்
மே 28

அன்புள்ள மல்லிகா,

உன் வாய்ஸ் மெசேஜை ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் அடுத்த மாதம் ரிட்டயர்டு ஆகிறார். அதற்கப்புறம் நாள் முழுக்க அடுக்களையை மேற்பார்வை பார்ப்பாரே என்பதுதான் என் கவலை. பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து போகிறான்.

உன் சின்னவளை எந்த டிகிரியில் சேர்ப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நாம் வேறெங்கோ போய்விடுவோம் என்றுதான் எழுதுகிறேன். சின்னவளிடமும் படிக்கக் கொடு.

நீட் வேண்டாம், இன்ஜினியரிங் வேண்டாம், சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்று அவள் பிடிவாதமாக நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான்டி. உனக்குத் தூக்கம் போயிருப்பதும் புரிகிறது. ஆனால் பெயரில் ‘என்விரான்மென்டல்’ இருக்கிற கோர்ஸாகத் தேடித் தேடிப் பட்டியல் போட்டிருக்கிறாளே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதல் டிகிரி கெமிஸ்ட்ரியாக இருக்கட்டும் என்பது என் கட்சி. சுற்றுச்சூழல் படிப்பில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும், மீதியை எம்.எஸ்ஸி.யில் பிடித்துக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்பாள். உங்கள் தர்மபுரித் தண்ணீரையே எடுத்துக்கொள்ளச் சொல். அவள் வகுப்பிலேயே பல்லில் பழுப்புக் கறையோடு எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்! குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுத் தரக்கணக்கு. உங்கள் பக்கத்துப் பாறைகளில் புளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன, அதனால் வருகிறது என்பது வரை எந்தச் சுற்றுச்சூழல் புத்தகமும் சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு போர்வெல்லில் ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு, அது ஏன் என்று கேட்டால்தான் விஷயம் ஆரம்பிக்கிறது. கரைதிறன் பெருக்கம் பிளஸ் டூவிலேயே படித்திருப்பாள். கால்சியமும் புளோரைடும் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்து தண்ணீரில் கரைந்து இருக்க முடியாது. பைகார்பனேட் நிறைந்த காரத் தண்ணீரில் கால்சியம் சுக்கான் கல்லாகப் படிந்து கழன்றுகொள்கிறது. கால்சியம் போய்விட்டால் புளோரைடை மட்டுப்படுத்த ஆளில்லை. அதனால்தான் சோப்பு நன்றாக நுரைக்கிற, பருப்பு சீக்கிரம் வேகிற கிணற்றை ஊரே ‘நல்ல தண்ணி’ என்று கொண்டாடும்போது, பெரும்பாலும் அதில்தான் புளோரைடு கூடுதலாக இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் செறிவாகும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு அதைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி என்கிற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. அங்கேயும் அடிப்படை அலுமினிய ஹைட்ராக்சைடின் வேதியியல்தான். உங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தபிறகு கதை மாறியது வேறு விஷயம்.

எங்கள் பாலாற்றுப் பக்கம் வந்தால் குரோமியம். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிற குரோமியம்; அது தோலிலுள்ள கொலாஜன் என்கிற புரதத்தோடு அணைவுச் சேர்மமாகப் பிணைந்துகொள்கிறது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலைக் கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியதோ ஆறு இணைதிறம், அது புற்றுநோய் தரக்கூடியது. தனிமம் ஒன்றுதான், ஆக்சிஜனேற்ற எண் மாறினால் குணமே வேறு. ‘தண்ணீரில் குரோமியம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிற ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, அது இந்தத் தோல் கழிவை வைத்துத்தான். அந்தச் செலவைக் கணக்குப் போட எங்கேயோ ஒரு ஆய்வகத்தில் யாரோ சரியான எண்ணைக் கொடுத்தாக வேண்டும்.

நான் வேலை பார்க்கும் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். சி.ஓ.டி. (கழிவுநீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) எப்படிப் பார்ப்பது என்றால் ஒப்பிப்பார்கள்: பொட்டாசியம் டைகுரோமேட், அமிலம், சில்வர் சல்பேட், இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அப்புறம் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் டைட்ரேஷன். மெர்க்குரிக் சல்பேட் எதற்குப் போடுகிறோம் என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு தடவித்தான் வருகிறது. கழிவுநீர் முழுக்க குளோரைடு. அதை டைகுரோமேட் ஆக்சிஜனேற்றம் செய்தால் இல்லாத மாசு இருப்பதாக எண் ஏறும். பாதரச உப்பு குளோரைடைக் கட்டிப் போடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. உப்பு ரொம்பக் கூடினால் அதையும் மீறிக் கணக்குத் தப்பும். ரெடாக்ஸும் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை) அணைவுச் சேர்மமும் தெரிந்த பெண்ணுக்கு இது உடனே விளங்கும். செய்முறைத் தாளை மட்டும் படித்தவள் தப்பான எண்ணை மூன்று தசமத்துக்கு எழுதிக் கொடுப்பாள். (மாசை அளக்கும் எங்கள் சோதனையின் கழிவே பாதரசமும் குரோமியமும். இந்த வேடிக்கையை நினைத்து அடிக்கடி சிரிப்பேன். அதையும் தனியாகச் சேர்த்து வைத்துத்தான் ஒழிக்க வேண்டும்.)

மூன்று வருடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நாம் படித்ததிலிருந்து எலும்புக்கூடு மாறவில்லை. முதல் நான்கு செமஸ்டருக்குத் தமிழும் ஆங்கிலமும், கூடவே அலைடு என்கிற துணைப் பாடம், நடுவில் கனிமம், கரிமம், இயற்பியல் வேதியியல். முதல் வருடம் டைட்ரேஷன், பிறகு சால்ட் அனாலிசிஸ், கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிப்பது, கடைசி வருடம் கிராவிமெட்ரியும் கண்டக்டிவிட்டியும். கிப்ஸ் ஜாடியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தோடு சாப்பிட உட்கார்ந்தோமே, இப்போது அதைப் பல இடங்களில் குறைத்துவிட்டார்கள். வாயால் பிப்பெட் உறிஞ்சுவதும் ஒழிந்தது, நல்லது. நமக்கில்லாத பேப்பர்கள் சில வந்திருக்கின்றன: பசுமை வேதியியல், கருவிப் பகுப்பாய்வு, பாலிமர், சில கல்லூரிகளில் சுற்றுச்சூழல் வேதியியலே எலெக்டிவாக. கடைசி வருட எலெக்டிவில் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஈ.வி.எஸ். என்று ஒரு சுற்றுச்சூழல் பேப்பர் எல்லோருக்கும் கட்டாயம் இருக்கும், பி.காம். பிள்ளைக்கும் உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது அது. நல்ல எண்ணத்தில் வைத்தார்கள்; பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டும் பேப்பராக ஆகிவிட்டது. அதை வைத்து, சுற்றுச்சூழல் படிப்பு இவ்வளவுதான் என்று அவள் முடிவு செய்துவிடக் கூடாது.

பட்டத்தின் பெயர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் நடைமுறையில் ரொம்ப முக்கியம். நம் மாநிலத்தில் அரசு வேலைக்குப் போகும்போது, டிகிரியின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் அது வேதியியலுக்கு இணையானதுதானா என்று அரசாணை தேட வேண்டி வரும். டீச்சர் வேலைக்கு அலைகிறவர்களைக் கேட்டுப் பார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள் சுற்றுச்சூழல் எம்.எஸ்ஸி.க்கும் போகலாம், அனலிட்டிகல் கெமிஸ்ட்ரிக்கும் போகலாம், ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்கும் போகலாம், பி.எட். போட்டு டீச்சராகவும் ஆகலாம். பி.எஸ்ஸி.யிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு, பிறகு கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. வேண்டும் என்றால் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. அதை மட்டம் தட்டவில்லை. காடு, பறவை, சட்டம், கொள்கை என்று அவள் மனம் அந்தப் பக்கம் இருந்தால் அதுவே சரி. ஆனால் ‘தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்’ என்றுதானே உன்னிடம் சொல்லியிருக்கிறாள்?

பி.டெக். கெமிக்கலை நீ நடுவில் நுழைக்கிறாய், மாமாவும் சொல்கிறாராம். அது வேறு வேலை. திருப்பூரில் 2011-ல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையங்கள் வந்தனவே, ஆர்.ஓ. வைத்து, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கி. அதைக் கட்டி ஓட்டுகிறவர்கள் கெமிக்கல், சிவில், என்விரான்மென்டல் இன்ஜினியர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளர் பணிக்கு அவர்களைத்தான் எடுப்பார்கள். விஞ்ஞானி பணிக்கு எம்.எஸ்ஸி. கேட்பார்கள். பைப்பும் பம்பும் பிடிக்கும் என்றால் அந்த வழி. அவளுக்குப் பிடிக்காது என்று அவளே சொல்லும்போது தள்ளாதே.

திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிலையங்கள் பற்றி அவளுக்குத் தெரியுமா? ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். தொடக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் கலந்து, பிறகுதான் மேஜர், கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி. தனி நுழைவுத் தேர்வு, நான்கு பாடத்திலிருந்தும் கேள்வி வரும். விண்ணப்பம் போட்டிருக்காவிட்டால் இந்த வருடம் முடிந்தது, பி.எஸ்ஸி.யில் சேர்ந்துகொண்டே அடுத்த வருடம் எழுதிப் பார்க்கலாம். ஆராய்ச்சிதான் அவள் மனதில் என்றால் அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் குறைவு. சுற்றுச்சூழலை வேதியியல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மொலினா, ரோலண்டு என்ற இரண்டு வேதியியலாளர்கள் இருக்கிறார்கள்: குளிர்பதனப் பெட்டி வாயு ஓசோனைத் தின்னும் என்று 1974-ல் எழுதினார்கள், 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1995-ல் குருட்சனோடு சேர்ந்து வேதியியல் நோபல். அதே வாயு பூமியைச் சூடாக்கவும் செய்யும் என்று 1975-ல் கண்டு சொன்ன வி. ராமநாதன் தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர். நான் சொன்ன வழிக்கு நேர் எதிர் உதாரணம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். வெறும் பி.எஸ்ஸி.யோடு லேபில் சேர்ந்தால் ஆரம்பம் குறைவுதான். எம்.எஸ்ஸி.யும், கருவிகளைச் சொந்தமாக ஓட்டத் தெரிந்த கையும் இருந்தால் நிலைமை மாறும். ஆக ஐந்து வருடக் கணக்காகவே நினைத்துக்கொள். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வாசல் வளைவையும் ஆடிட்டோரியத்தையும் காட்டுவார்கள். நீ கெமிஸ்ட்ரி லேபைத் திறக்கச் சொல். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஒரு பியூரெட்டுக்கு ஒருத்தரா இல்லை மூன்று பேர் சுற்றி நின்று பார்ப்பார்களா, ஸ்பெக்ட்ரோமீட்டரின் மேலுறையில் தூசி எவ்வளவு என்று பார். லேப் அசிஸ்டென்ட்டிடம் பேச்சுக் கொடு. பிரின்சிபாலைவிட அவர் உண்மை பேசுவார். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தியைப் பிடித்து, கரைந்த ஆக்சிஜன் வின்க்ளர் முறையில் செய்திருக்கிறாயா என்று கேள். செய்தவள் பாட்டிலில் பழுப்பு வீழ்படிவு வந்ததைச் சொல்வாள். ஆக்சிஜனே இல்லாத சாக்கடை நீரில் அது வெள்ளையாகவே நின்றுவிடும்; முதன்முதலில் அதைப் பார்த்தவள் மறக்க மாட்டாள். ரீடிங்கை சீனியர் நோட்டிலிருந்து எழுதியவள் முகத்திலேயே தெரிந்துவிடும். பெயர் பெற்ற கல்லூரியில் சாதாரண லேபும், பெயர் தெரியாத அரசுக் கல்லூரியில் நல்ல லேபும் நான் பார்த்திருக்கிறேன்.

அலைடு பாடம் கேட்கும்போது உயிரியல் சுலபம் என்று தோழிகள் இழுப்பார்கள். பயோ-மேத்ஸ் குரூப்தானே படித்தாள், கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவைக் கேட்கச் சொல். வேக இயலும் வெப்ப இயக்கவியலும் வரும்போது நன்றி சொல்வாள். ரேங்க் லிஸ்ட் வந்ததும் எந்தெந்தக் கல்லூரி என்று எனக்கு அனுப்பு. ஜூன் இரண்டாம் வாரம் நான் லீவு போடுகிறேன், வாணியம்பாடி வரை நீங்கள் இருவரும் பஸ்ஸில் வந்துவிட்டால் கூட்டிக்கொண்டு போய் எங்கள் லேபைக் காட்டுகிறேன். நல்ல ஷூ போட்டு வரச் சொல், செருப்போடு உள்ளே விட மாட்டோம்.

அன்புடன்,
சாந்தி