பாதை போட்டாச்சு, சைக்கிள்காரன் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வெளிநாட்டுல சைக்கிளுக்குன்னு தனி பாதை போட்ட ஊர்கள பத்தி ஒரு கட்டுரை வந்துச்சுல்ல, ஆன்லைன்ல படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, படமெல்லாம் அருமை. ஆனா கடைசில பாதை போட்டா போதும் ஜனங்க தானா சைக்கிள எடுத்துருவாங்கங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு சும்மா இருக்க முடியல. ஏன்னா நான் குடியிருக்கறது ஸ்டீவனேஜ்ல. லண்டன் கிங்ஸ் கிராஸ்ல ஃபாஸ்ட் ட்ரெயின் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள வந்துரும், ஹெர்ட்ஃபர்ட்ஷயர்ல இருக்கு. இங்க சைக்கிள் பாதை போட்டு 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. பந்தி போட்டு இலை விரிச்சு வச்சிருக்கு, உக்காந்து சாப்பிடத்தான் ஆள் இல்ல. அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

முதல்ல ஊர் கதை. ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து லண்டன்ல வீட்டுக்கு அவ்வளவு தட்டுப்பாடு, அதனால வெளிய புது ஊர்கள் கட்டலாம்னு 1946-ல சட்டம் போட்டாங்க, அந்த சட்டத்துல முதல்ல அறிவிச்ச ஊர் ஸ்டீவனேஜ்தான். ஏற்கனவே இங்க இருந்தவங்களுக்கு இது சுத்தமா பிடிக்கல. லூயிஸ் சில்கின்னு ஒரு மினிஸ்டர் கூட்டம் போட வந்தாரு, அவர பேச விடாம கூச்சல் போட்டு, கார் டயர்ல காத்த பிடுங்கி விட்டு, ரயில்வே ஸ்டேஷன் போர்டுல ஊர் பேர மாத்தி "சில்கின்கிராட்"னு எழுதி வச்சுட்டாங்க, ரஷ்யாக்காரன் ஸ்டாலின்கிராட்னு வச்ச மாதிரி. நம்ம ஊர்ல தார் பூசறதெல்லாம் இதுக்கு முன்னாடி சாதாரணம். என்ன பண்ணி என்ன, ஊர் வந்துருச்சு. 60,000 பேருக்குன்னு பிளான் போட்டது, 2021 சென்சஸ்ல 89,000-த்த தாண்டிருச்சு.

இந்த ஊருக்கு ரோடு போட வந்த இன்ஜினியர் பேரு எரிக் கிளாக்ஸ்டன். மனுஷன் தானே சைக்கிள்ல வேலைக்கு போனவரு, ஹாலந்துல எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சவரு. ஊர் முழுக்க மெயின் ரோட்டுக்கு பக்கத்துலயே சைக்கிளுக்கு 12 அடி அகலத்துல தனி பாதை, அதுக்கு பக்கத்துல நடக்கறவங்களுக்கு 7 அடி, நடுவுல முடிஞ்ச எடத்துல புல்லு. ரவுண்டானா வந்தா காரோட மோதிக்க வேண்டாம், அடியில சுரங்கப்பாதை. அந்த சுரங்கப்பாதைய எப்படி பண்ணியிருக்காருன்னு நேர்ல பாத்தாதான் அந்தாளு மூளை புரியும். பஸ்ஸும் லாரியும் அடியில போகணும்னா பாலம் உசரமா கட்டணும், ஆனா சைக்கிள்ல போறவனுக்கு ஏழரை எட்டு அடி இருந்தா தல இடிக்காது, அதனால ரோட்ட கொஞ்சம் தூக்கி பாதைய கொஞ்சமே கொஞ்சம் தாழ்த்திட்டாரு. நீங்க உள்ள இறங்கறப்ப வர்ற வேகமே அந்தப்பக்கம் மேல ஏத்தி விட்டுரும், ரெண்டு மிதி மிதிச்சா போதும், கியர் கூட மாத்த வேண்டாம். தினமும் போறேன், இன்னும் அந்த இறக்கத்துல ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்யுது.

எனக்கு வீடு கிழக்கால செல்ஸ் பக்கம், வேலை மேக்கால கன்னல்ஸ் வுட் ரோட்டு பக்கம். வீட்டு வாசல்ல சைக்கிள்ல ஏறினா ஆபீஸ் வர்ற வரைக்கும் ஒரு கார் கூட குறுக்க வராம போயிரலாம், இங்கிலாந்துல இப்படி சொல்லிக்கற ஊர் ரொம்ப கம்மி. ஃபேர்லேண்ட்ஸ் வேலி ஏரி பக்கம் போனா வாத்து மாதிரி பெரிய பெரிய கூஸ் கூட்டம் பாதைய மறிச்சு நின்னு நம்மள மொறைக்கும், பெல் அடிச்சாலும் நகராது. அப்பறம் சிக்ஸ் ஹில்ஸ்னு வரிசையா ஆறு மண்மேடு, ரோமானியர் காலத்து சமாதிங்க, இந்தப்பக்கம் இரட்டை ரோடு அந்தப்பக்கம் ஆபீஸ் பில்டிங்குன்னு நடுவுல அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. குளிர்காலத்துல காலைலயும் இருட்டு சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு, சுரங்கப்பாதைல வெள்ளிக்கிழமை ராத்திரி உடைச்ச பாட்டில் கண்ணாடி சனிக்கிழமை டயர்ல ஏறும், நவம்பர்ல ஈர இலை வழுக்கும், ஜனவரில கண்ணுக்கே தெரியாத ஐஸ். இதெல்லாம் இருக்கு, இல்லைங்கல. ஆனா பாதை பாதைதான், அப்படி ஒரு பாதை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு நல்ல பாதைல காலைல எட்டரை மணிக்கு, ஊரே வேலைக்கு போற நேரத்துல, எதிர்ல வர்ற சைக்கிள எண்றதுக்கு ஒரு கை விரல் போதும். தலைக்கு மேல ரோட்ல கார் சொய்ங் சொய்ங்னு போயிட்டே இருக்கும். 2011 சென்சஸ்படி இந்த ஊர்ல சைக்கிள்ல வேலைக்கு போறவங்க நூத்துக்கு மூணு பேர் அளவுக்குத்தான். அதே சென்சஸ்ல கேம்ப்ரிட்ஜ்ல நூத்துக்கு முப்பது பேர் கிட்ட, அது இங்கருந்து வடக்க கொஞ்ச தூரம்தான், அதே மழை, அதே குளிர், அதே வெள்ளைக்காரன். இத்தனைக்கும் கேம்ப்ரிட்ஜ்ல எவ்வளவோ எடத்துல ரோட்டு ஓரமா பெயின்ட்ல ஒரு கோடு, அவ்வளவுதான் சைக்கிள் பாதை, எங்க ஊர் பாதை கால் தூசிக்கு வராது.

அப்ப எங்க போச்சு தப்பு? எங்க பக்கத்து தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு, சின்ன வயசுல கன்னல்ஸ் வுட் பக்கம் ஒரு ஃபேக்டரில வேலை பாத்தவரு. ஷிஃப்ட் முடிஞ்சு கேட்ட தொறந்தா சைக்கிள்தான் வெள்ளமா வெளிய வரும், நடுவுல மாட்டிக்கிட்டா கால கீழ ஊன முடியாதும்பாரு. நீங்க எப்ப சைக்கிள விட்டீங்கன்னு கேட்டேன். "கார் வாங்கின அன்னிக்கு"ன்னாரு, சிரிக்க கூட இல்ல.

அதேதான் சார் விஷயம். கிளாக்ஸ்டன் சைக்கிளுக்கு ராஜபாட்டை போட்ட அதே கையால காருக்கும் ராஜபாட்டை போட்டு குடுத்துட்டாரு. சைக்கிள்காரன் ரோட்ல இல்ல, நடக்கறவன் ரோட்ல இல்ல, எல்லாரையும் அடியில அனுப்பியாச்சு, சிக்னலுக்கு பதிலா எங்க பாத்தாலும் ரவுண்டானா, அகல அகலமா இரட்டை ரோடு, ரீடெய்ல் பார்க்குக்கு போனா பார்க்கிங் ஃப்ரீ. இப்படி ஒரு ஊர்ல கார் வச்சிருக்கறவன் எதுக்கு மழைல நனையணும்? போன வருஷம் லிஸ்டர் ஆஸ்பத்திரில வேலைக்கு சேந்த நம்ம திருநெல்வேலி தம்பி ஒருத்தன், அவன் வீட்லருந்து ஆஸ்பத்திரிக்கு மூணு கிலோமீட்டர் கூட வராது, வாடா என்கூட சைக்கிள்ல, பாதை காட்றேன்னு கூப்பிட்டேன். "அண்ணே, கார்ல ஆறே நிமிசம்ணே, சைக்கிள்ல போய் வேர்வையோட வார்டுல நிக்கவா?"ன்னான். என்ன பதில் சொல்றது, அவன் கணக்கு சரியாத்தான இருக்கு. அவனுக்கு சைக்கிள் மேல ஒரு வெறுப்பும் கிடையாது, ஊர்ல ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போயிருக்கான்.

கேம்ப்ரிட்ஜ்ல கார வச்சுக்கிட்டு அவஸ்தைதான், டவுன் நடுவுல நினைச்ச எடத்துக்கு கார் போக முடியாது, யூனிவர்சிட்டி பசங்க கார் வச்சுக்கவே பர்மிஷன் வாங்கணும். ஹாலந்துல ஹௌட்டன்னு ஒரு ஊர் இருக்கு, அதுவும் எங்கள மாதிரி பிளான் போட்டு கட்டின ஊருதான், ஆனா அங்க பக்கத்து பேட்டைக்கு கார்ல போகணும்னா ஊர சுத்தி இருக்கற ரிங் ரோட்டுக்கு வெளிய வந்து சுத்திக்கிட்டுதான் உள்ள போகணும், சைக்கிள்னா நேரா குறுக்க போயிரலாம். காருக்கு தடை ஒண்ணும் இல்ல, சுத்து அதிகம், அவ்வளவுதான். அந்த சுத்துதான் எங்க ஊர்ல இல்ல. ஒரு காலத்துல எங்க பாதைய பாக்க வெளிநாட்டுலருந்தெல்லாம் இன்ஜினியருங்க வந்துட்டு போயிருக்காங்க, கிளாக்ஸ்டனுக்கும் ஜனங்க ஏன் சைக்கிள்ல வரலங்கற வருத்தம் இருந்திருக்கு. கூடவே இதையும் கேளுங்க, இந்த ஊர் உலகத்துக்கு குடுத்த பெரிய ஆளு யாரு தெரியுமா, லூயிஸ் ஹாமில்டன், ஃபார்முலா ஒன் கார் ரேஸ்காரரு. செவ்வாய் கிரகத்துக்கு அனுப்ப ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்னு ஆறு சக்கர ரோவர் செஞ்சாங்களே அதுவும் இங்க ஏர்பஸ்லதான். சக்கரத்துக்கு இங்க பஞ்சமே இல்ல, ரெண்டு சக்கரம்தான் எடுபடல.

இங்கிலீஷ்காரனுக்கு சைக்கிள்னா ஆகாதுன்னு நினைச்சுராதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல வாக்கர்ன், பெனிங்டன் பக்கம் சந்து ரோட்ல போய் பாருங்க, லைக்ரா போட்டுக்கிட்டு கூட்டம் கூட்டமா போறாங்க, ஒரு ஒரு சைக்கிளும் செகண்ட் ஹேண்ட் கார் விலை. 2012-ல இந்த நாட்டு பிராட்லி விக்கின்ஸ் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் ரேஸ ஜெயிச்சதுக்கப்பறம் இந்த பைத்தியம் இன்னும் முத்திருச்சு. நானும் அதுல ஒருத்தன்தான், சொல்றதுக்கென்ன. இந்த பக்கத்துக்கு அதுல பெரிய பாரம்பரியமே உண்டு, லண்டன்லருந்து வடக்க போற கிரேட் நார்த் ரோடு எங்க ஓல்ட் டவுன் வழியாத்தான் போகுது. 1890கள்ல ரோட்ல கூட்டமா ரேஸ் விட்டா போலீஸ் தொல்லைன்னு, ஒவ்வொருத்தரா தனித்தனியா விட்டு டைம் எடுக்கற டைம் ட்ரையல கொண்டு வந்தாங்க, 1895-ல நார்த் ரோட் கிளப்புக்காரங்க ஆரம்பிச்சது, பிட்லேக்னு ஒருத்தர் முன்ன நின்னு பண்ணினது. விடியக்காலைல, கறுப்பு டிரெஸ்ல, போற ரோட்டுக்கு பேர் சொல்லாம ரகசிய நம்பர் குடுத்து. அந்த நம்பர் பழக்கம் இன்னிக்கும் போகல, இங்க நடக்கற ரேஸுக்கெல்லாம் எஃப்ங்கற எழுத்துல ஆரம்பிக்கற நம்பர்தான், தெரியாதவன் பாத்தா ஏதோ பஸ் ரூட்டும்பான். அந்த பிட்லேக்குக்கு சாண்டி பக்கத்துல ரோட்டோரமா ஒரு குட்டி நினைவுத் தோட்டம் கூட இருக்கு.

ஆனா அந்த ஞாயித்துக்கிழமை ஆளுங்கள்ல முக்கால்வாசி பேரு திங்கக்கிழமை காலைல கார்லதான் ஆபீஸ் போறாங்க. இதுதான் எனக்கு எரிச்சல். சிலர் ஞாயித்துக்கிழமை கூட சைக்கிள கார் கூரைல கட்டி எடுத்துட்டு போய் எங்கயோ இறங்கி ஓட்டிட்டு திரும்ப கார்ல கட்டிட்டு வர்றாங்க, அத என்னன்னு சொல்ல.

சந்து ரோட்ல போறப்ப இன்னொண்ணு கண்ணுல படும், நம்ம ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியது. ஊருக்கு தெற்கால நெப்வொர்த் ஹவுஸ்னு ஒரு பெரிய பங்களா, பார்க், மான்லாம் இருக்கு, இந்த ஊர் ஆளுங்ககிட்ட கேட்டா 1996-ல ஒயாசிஸ்ங்கற பாட்டுக் குழு கச்சேரி நடந்த எடம்பாங்க. அது லிட்டன் பிரபு வீடு. 1876-லருந்து 1880 வரைக்கும் இந்தியாவுக்கு வைஸ்ராயா இருந்தவரு, தாது வருஷப் பஞ்சத்துல நம்ம மதராஸ் மாகாணத்துல ஜனங்க செத்து விழுந்துட்டு இருக்கறப்ப 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லில விக்டோரியா ராணிக்கு பட்டம் கட்டி தர்பார் நடத்தினவரு. மெட்ராஸ்ல பக்கிங்காம் கால்வாய் வேலைக்கு பஞ்சக் கூலியா வந்து மண் வெட்டினவங்க பேரப்புள்ளைங்கதான் நாமெல்லாம். எங்க ஸ்டேஷன் முன்னாடி ஓடற ரோட்டுக்கு பேரே லிட்டன் வே, அதுக்கு பக்கத்துலயும் ஒரு நல்ல சைக்கிள் பாதை. நான் அந்த வழியாத்தான் ட்ரெயின் பிடிக்க போறது. சரி, அது வேற கதை, இன்னொரு லெட்டர்.

ஊர்ல இப்ப நடக்கற மாத்தத்தயும் சொல்லிடறேன். டவுன் சென்டர மொத்தமா மாத்தி கட்டிட்டு இருக்காங்க, 1959-ல எலிசபெத் ராணி வந்து தொறந்து வச்ச சென்டர், கார் உள்ள வராம நடந்தே போற மாதிரி முதல்லருந்தே பிளான் போட்டு இந்த நாட்டுல கட்டின முதல் டவுன் சென்டர்னு பெருமை பேசுவாங்க. 2022-ல பஸ் ஸ்டாண்ட ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல நகத்தினாங்க, அது உருப்படியான வேலை. பழைய ஆபீஸ் பில்டிங்கெல்லாம் ஃபிளாட்டா ஆகுது. அந்த ஃபிளாட்டுக்கு வர்ற சின்னப்பசங்க நிறைய பேருக்கு கார் நிறுத்த எடம் கிடையாது, அதனால அவங்கள்ல கொஞ்ச பேரு சைக்கிள்ல வர்றத இப்ப பாக்கறேன். சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க எலக்ட்ரிக் சைக்கிள்ல பறக்கறாங்க, வயசானவங்க வாயில கெட்ட வார்த்தை வருது, ஆனா கிளாக்ஸ்டன் பாதைய முழுசா உபயோகப்படுத்தறது இன்னிக்கு அவங்கதான்.

அதனால ஆசிரியர் சார், உங்க நிருபருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவ எந்த ஊர்ல சைக்கிள் பாதை தொறந்தாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடின்னு மட்டும் கேக்காம, அதே ஊர்ல கார் பார்க்கிங் எவ்வளவு, ஃப்ரீயா காசா, அந்த பாதை வழியா போனா காரவிட சீக்கிரம் போக முடியுமான்னு மூணே மூணு கேள்வி சேத்து கேக்க சொல்லுங்க. யாராவது லண்டன் பக்கம் வந்தா இங்க வர சொல்லுங்க, சுரங்கப்பாதை சுரங்கப்பாதையா கூட்டிட்டு போய் காட்றேன், சைக்கிளும் நானே தர்றேன். செப்டம்பர் அக்டோபர்ல வராம இருந்தா நல்லது, அப்பதான் ரோட்டோர செடி வேலிய வெட்டற சீசன், ஹாத்தார்ன் முள்ளு ரோடெல்லாம் கொட்டி கிடக்கும், எந்த டயர் போட்டாலும் பஞ்சர்தான்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்கற ஒரு சைக்கிள்காரன்,
ஸ்டீவனேஜ், இங்கிலாந்து.