லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக் விற்காதீர்கள்: இணையக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

காற்றடைக்கும் கயாக்குகளை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகுகளை, இணையத்தில் விற்கும் கடைகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

தை மாதம் எங்கள் ஊர்க் கண்மாயில் கயாக் கிழிந்து இரண்டு பையன்கள் மூழ்கப் பார்த்தது உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். புகார் எண் கொடுத்தீர்கள், இரண்டாம் நாளே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தியும் அனுப்பினீர்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ‘நல்லவேளை, நாம் இல்லை’ என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். நாலைந்து தளங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான்.

கேட்பதும் ஒன்றுதான். வாங்குகிறவரின் எடைக்குப் பொருந்துகிற, எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்று தெளிவாக எழுதியிருக்கிற லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக்கை விற்காதீர்கள். ஒருவர் உட்காரும் கயாக் என்றால் ஒன்று, இருவர் உட்காரும் கயாக் என்றால் இரண்டு.

மலிவு விலைக் கயாக்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஃபைபர் படகு வாங்கவும் அதை நிறுத்தி வைக்கவும் வசதி இல்லாத வீட்டில், மடித்துப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடக்கூடிய ஒரு படகு பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது நல்ல விஷயம். பஸ்ஸில் கூடக் கொண்டுபோகலாம். ஏரியும் கண்மாயும் இவ்வளவு இருக்கிற நாட்டில் தண்ணீரில் துடுப்புப் போடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் ஏன் இருக்க வேண்டும்? என் சித்தப்பா மகன் அதை ஆர்டர் செய்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

அவன் ஜாக்கெட்டும் ஆர்டர் செய்திருந்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புகாரை முடித்துவைத்த உங்கள் ஊழியர் ‘பாதுகாப்பு உபகரணம் அணிவது வாடிக்கையாளரின் பொறுப்பு’ என்று எழுதியிருந்தார். அணிந்திருந்தான் ஐயா. அவனும் அவன் நண்பனும் ஆளுக்கொன்று அணிந்திருந்தார்கள். கயாக்கின் பக்கத்திலேயே ‘இதையும் சேர்த்து வாங்குங்கள்’ என்று நீங்களே காட்டிய ஆரஞ்சு நிற ஜாக்கெட்தான். தலைப்பில் லைஃப் ஜாக்கெட் என்றிருந்தது. பெரியவர்களுக்கானது என்றிருந்தது. நாலரை நட்சத்திரம் வேறு.

அந்த ஜாக்கெட் இப்போது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. உள்ளே இருக்கும் நுரைப் பலகை என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. முன்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் கொக்கி. கால்களுக்கு இடையே வந்து மாட்டுகிற பட்டை கிடையாது. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்குகிற காலர் கிடையாது. இடது பக்கத் தையலுக்குள், துணியைப் புரட்டிப் பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி. அதில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்: இது உயிர்காக்கும் சாதனம் அல்ல, நீச்சல் பழக மட்டும், 50 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு. பையன்கள் இருவரும் எழுபது கிலோவைத் தாண்டியவர்கள்.

கயாக் எப்படிக் கிழிந்தது என்பதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் வறண்டு கிடக்கும்போது உள்ளே சீமைக்கருவேலம் மண்டிவிடும். விறகுக்கு வெட்டிக்கொண்டு போவார்கள், தூர் அப்படியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பியதும் அந்தத் தூரும் முள்ளும் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மறைந்துகொள்ளும். மேலே பார்த்தால் கண்ணாடிபோலத் தெரியும். அதில் ஒரு தூர்தான் பக்கவாட்டுக் காற்றறையைக் கிழித்தது. காற்றறைகள் தனித்தனியாக இருப்பதால் கயாக் உடனே மூழ்காது. ஆனால் ஒரு பக்கம் காற்றுப் போனால் இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவர்கள் தண்ணீரில். இருவருமே விழுந்தார்கள். விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே எழும்பிக் காதுவரை வந்துவிட்டது. உடம்பு கீழே, ஜாக்கெட் மேலே. கைகள் இரண்டும் அதன் ஓட்டையில் மாட்டிக்கொண்டதால் நீந்தவும் முடியவில்லை. அங்கே லாரி டியூப்பில் மிதந்தபடி வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இல்லையென்றால் இந்த மடலின் நடை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் உங்கள் புகார்ப் பக்கம். ‘பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பட்டியல் வந்தது. நிறம் பிடிக்கவில்லை. அளவு சரியில்லை. தாமதமாக வந்தது. மனம் மாறிவிட்டது. ‘ஏறக்குறைய மூழ்கிவிட்டோம்’ என்பதற்கு அதில் இடமில்லை. நெருங்கி வந்தது ‘அளவு சரியில்லை’ என்பதுதான், அதையே அழுத்தினோம். திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வாடிக்கையாளரின் மனநிறைவை முன்னிட்டு நூறு ரூபாய் கூப்பன் ஒன்றும் வந்தது. அது நீர் விளையாட்டுப் பொருட்களுக்கு மட்டும் செல்லுமாம். நன்றி.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கெட் என்றால் எது ஜாக்கெட் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஐஎஸ்ஓ 12402 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. மிதப்புத் திறனை அதில் நியூட்டனில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். 50 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோவைத் தாங்கும். நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும்போது போதும். 100 நியூட்டன் வகை நீச்சல் தெரியாதவருக்கும் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைக்கும்படி வடிவமைக்கப்பட்டது, அலையில்லாத இடத்துக்கு. அதற்கு மேலே 150, 275 எல்லாம் கடலுக்கு. உங்கள் பக்கங்களில் ஜாக்கெட்டின் நிறம் ஆறு வகையில் இருக்கிறது. நியூட்டன் எத்தனை என்று ஒரு பக்கத்திலும் இல்லை. அந்த ஒற்றை எண்ணைக் கேட்டுக் கேள்வி பகுதியில் எழுதினேன். ‘மிகத் தரமான பொருள் சார்’ என்று பதில் வந்தது.

அதே கேள்வி பகுதியில் இன்னொருவர், பஞ்சர் கடையில் கயாக்குக்குக் காற்றுப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நம் ஊரில் காற்று என்றால் பஞ்சர் கடைதான். ‘தாராளமாகச் செய்யலாம்’ என்று விற்பனையாளர் பதில் சொல்லியிருக்கிறார். பைக் டயரில் இருப்பது முப்பது பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவு காற்று. சாதாரண வினைல் கயாக்குக்குத் தேவை ஒரு பிஎஸ்ஐயைச் சுற்றித்தான். கம்ப்ரஸர் குழாயை வால்வில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டு விட்டுவிடும். அப்போதே வெடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை, கரையில்தான் இருப்போம். பாதி விட்ட ஒட்டோடு தண்ணீருக்குள் போவதுதான் ஆபத்து. சில கயாக்குகளில் காற்றறையின் மேலேயே ஓர் அளவுகோடு அச்சிட்டிருக்கும். காற்று ஏற ஏற அது நீளும்; பெட்டியில் வரும் அளவுகோலோடு ஒத்துப்போனதும் நிறுத்திவிட வேண்டும். அந்த அளவுகோல் எதற்கு என்று உங்கள் பக்கத்தில் சொல்லாததால் அது அட்டைப் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. உச்சிவெயிலில் முழுக் காற்றோடு கரையில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரியும் என்பதையும், தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தளர்ந்துபோகும், அப்போது பார்த்துக் கொஞ்சம் காற்றுச் சேர்க்க வேண்டும் என்பதையும் யார் சொல்வது? இரண்டு வரி விஷயம்.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருவர் உட்காரும் கயாக்கில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பின்னால் நீலக்கடல். யார் மேலும் ஜாக்கெட் இல்லை. சின்னப் பெண் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள்; பாதுகாப்பு என்று அந்தப் படத்தில் கண்ணில் படுவது அது ஒன்றுதான். காற்றடைத்த கயாக் எடை குறைவு, தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும். காற்றுக்கு அதைத் தள்ளுவது மிகச் சுலபம். எங்கள் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோரத் தண்ணீர் அலையில்லாமல் சாதுவாகத் தெரியும். போகும்போது துடுப்பே தேவையில்லை, திரும்பும்போது எவ்வளவு போட்டாலும் போதாது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியும். தள்ளுபடியில் கயாக் வாங்கிய மதுரைப் பையனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் படத்தைப் பார்த்துத்தான் அவன் கடலுக்குப் போவான்.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்கள் மேலும் ஜாக்கெட் இல்லை. அப்படி ஒன்று நடந்தால் விசாரணை, உத்தரவு, ஒரு வாரம் கெடுபிடி. அப்புறம் எல்லாம் பழையபடிதான். கண்மாய்க்குள் அளவில்லாமல் சவுடு மண் அள்ளி, இடுப்பளவுத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி விட்டுவிட்டுப் போகிறார்கள். ‘ஆழமான பகுதி’ என்று வைத்த பலகை துருப்பிடித்து, அதுவும் குழிக்குள்ளேயே விழுந்து கிடக்கிறது. இத்தனை நீர்நிலை உள்ள ஊரில் பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லித்தர ஆளில்லை. சரி, இதெல்லாம் உங்கள் தலையில் கட்ட வேண்டியது இல்லை. அந்த மடலை வேறு அலுவலகத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.

உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். ‘தயாரிப்பாளர் பெட்டியில் வைக்காததை நாங்கள் எப்படிக் கொடுப்பது’ என்பீர்கள். பரவலாகத் தெரிந்த இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 என்ற கயாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 312 சென்டிமீட்டர் நீளம், 180 கிலோ தாங்கும், துடுப்பும் கைப்பம்பும் கூடவே வரும், ஜாக்கெட் வராது. காரணம் புரிகிறது: ஜாக்கெட் உடம்புக்கு அளவு பார்த்து வாங்க வேண்டியது, தொழிற்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் போட முடியாது. அதனால்தான் விற்கிறவரிடம் கேட்கிறோம். செருப்புக்கு என்ன அளவு என்று கேட்காமல் நீங்கள் ஆர்டரே எடுப்பதில்லையே! கயாக்கைக் கூடையில் போட்டதும் ‘எத்தனை பேர், ஒவ்வொருவர் எடை என்ன’ என்று கேட்டு, பொருத்தமான ஜாக்கெட்டைச் சேர்த்த பிறகுதான் பணம் கட்டும் பக்கத்துக்கு விட வேண்டும். ஏற்கெனவே ஜாக்கெட் வைத்திருப்பவர் அதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகட்டும்.

இது ஒன்றும் ஊரில் இல்லாத கோரிக்கை அல்ல. புது இருசக்கர வாகனம் வாங்குகிறவருக்குத் தயாரிப்பாளர் தலைக்கவசம் கொடுக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. தண்ணீருக்கு அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருப்போம் என்று நினைத்தால் இதையும் நினைவில் வையுங்கள்: சீட் பெல்ட் அலாரத்தை ஏமாற்றி நிறுத்துகிற கிளிப்புகளை விற்ற இணையக் கடைகள்மேல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. 13,118 பட்டியல்கள் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. உயிருக்கு ஆபத்து என்று யாராவது உத்தரவு போட்டால் உங்களால் ஒரே மூச்சில் இவ்வளவு செய்ய முடிகிறது. உத்தரவுக்கு முன்னாலேயே செய்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு சொல்லாத பொருளால் கேடு வந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. விற்கிறவர் பொறுப்பாகும் சூழல்களையும் அதே சட்டம் தனியாக வரையறுத்திருக்கிறது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வக்கீல்களுக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும்.

நீச்சல் பழகும் மிதவைச் சட்டையை லைஃப் ஜாக்கெட் என்ற தலைப்பில் விற்பதை இன்றைக்கே நிறுத்த முடியும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கணினியின் முன் உட்கார்ந்தால் போதும். அந்தக் கடல் படத்தை நீக்குவதற்கும் அப்படித்தான். காற்று எவ்வளவு, எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று தமிழில் பத்து வரி எழுதிப்போட ஒரு மதிய வேளை போதும். ஜாக்கெட்டை அளவு கேட்டுச் சேர்த்து விற்பதற்கு மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கயாக்கை விற்காதீர்கள். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியவர்கள் வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பியதும் நேரே தண்ணீரில்தான் இறக்குவார்கள். அதனால் புரட்டாசி முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். எந்தத் தேதியிலிருந்து செய்யப்போகிறீர்கள் என்பதை மட்டும் பதிலில் எழுதினால் போதும்.

நன்றியுடன்,
சிவகங்கை மாவட்டத்து வாடிக்கையாளர் ஒருவர்