பாலன் வரும்வரை தொட்டி காலியாக இருக்கட்டும்

தூத்துக்குடி
நவம்பர் 18

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. டிசம்பர் முழுக்க பாதி நாள் நைட் டியூட்டி, பெரியவனுக்கு அரையாண்டுத் தேர்வு, சின்னவளுக்கு மூன்றரை வயது, வீடோ நாலாம் மாடி. இதில் கிறிஸ்துமஸுக்கு எங்கே குடில் கட்ட, எப்போது பலகாரம் சுட என்று கேட்டிருக்கிறாய். இங்கே மழை இன்னும் விடவில்லை. ஆனாலும் கடைகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிட்டது.

நீ எல்லாவற்றையும் 24-ஆம் தேதி ஒரே ராத்திரியில் செய்து முடிக்கப் பார்க்கிறாய். பிள்ளைகளுக்கு அது திகட்டிவிடும், உனக்கு இடுப்பு ஒடியும். அந்த வயசுக்கு ருசி காத்திருப்பதில்தான் இருக்கிறது. தினமும் பத்து நிமிஷம், ஒரே நேரத்தில், ஏதாவது ஒன்று நடந்தால் போதும். அதனால் பெரிய வேலைகளை வெட்டிவிட்டு, சின்னதை மாதம் முழுக்க நீட்டு.

முதல் வேலை, டிசம்பர் ஒன்று முதல் தினம் ஒரு பெட்டியாகத் திறக்கிற தீப்பெட்டிக் காலண்டர். காலி தீப்பெட்டி 24 எடுத்து, வரிசைக்கு ஆறாக நாலு வரிசை அடுக்கி ஃபெவிகால் போட்டு ஒட்டு. உரசும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறைந்துவிடும். ஓரத்தில் வெளியே தெரிவதன்மேல் மட்டும் கலர் தாள் ஒட்டிவிடு. குச்சிகளை மூடி போட்ட டப்பாவில் மேல் ஷெல்ஃபில் வை. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பக்கம் ஒரு நூல் வளையம் இருந்தால் சின்ன விரல் இழுக்க வசதி. உள்ளே மிட்டாய் வைத்தால் மறுநாளே எறும்பு வரும், சீட்டு வை. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் கோவில்பட்டிச் சரக்குதான் என்றாலும், முழுக் கடலை இருக்கும் எதையும் சின்னவளிடம் கொடுக்காதே, தொண்டையில் சிக்கும்.

சீட்டில் எழுதுவது பெரிதாக இருக்க வேண்டாம். ‘இன்று லைட்டை அணைத்துவிட்டு நட்சத்திர வெளிச்சத்தில் சாப்பாடு’, ‘பாட்டிக்குப் போன் போட்டு ஒரு பாட்டு’, ‘வாட்ச்மேன் தாத்தாவுக்கு டீ கொண்டு போகணும்’. பலரும் தவறுவது எங்கே தெரியுமா? 24 சீட்டையும் முதல் நாளே போட்டுவிடுவார்கள். பெரியவன் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவான். உன் டியூட்டி லிஸ்டையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு உள்ளதை முந்தின இரவு போடு. பரீட்சை நாளுக்கு ஐந்து நிமிஷச் சீட்டு. நீ டியூட்டியில் இருக்கும் நாளுக்கு அவர்கள் அப்பா செய்யக்கூடிய சீட்டு.

குடிலுக்கு மூன்றடிக்கு இரண்டடி மேஜை போதும். குழந்தைகளோடு செய்யும்போது மைதா பசையில் மயில்துத்தம் சேர்க்காதே. பூச்சி வராது என்று அந்தக் காலத்தில் சேர்ப்பார்கள், அது விஷம். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இரண்டு நாளில் தீர்த்துவிடு. சிமென்ட் பை காகிதத்தைக் கசக்கி அதில் தோய்த்து, டப்பாக்களின்மேல் போட்டுக் காயவிட்டால் மலை தயார். சூசையப்பர் சுரூபம், அதாவது சிலை, ஆறங்குலம் என்றால் குடில் கூரை பத்தங்குலமாவது இருக்கணும், இல்லாவிட்டால் வானதூதரை வைக்க இடம் இருக்காது. சீரியல் செட் எல்.ஈ.டி.யாக இருக்கட்டும், வயர் வைக்கோலுக்குள் போகவே கூடாது. ஆடுகளை மட்டும் சின்னவளே களிமண்ணில் பிடிக்கட்டும். கால் உடைந்தாலும் அழுகை இருக்காது, இன்னொன்று பிடிக்கலாம்.

தீவனத் தொட்டியைக் காலியாகவே வை. 24 வைக்கோலை மூன்றங்குல நீளத்துக்கு வெட்டி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து டம்ளரில் போட்டுக்கொள். சென்னையில் வைக்கோல் கிடைக்கவில்லை என்றால் பழக்கடைக்காரரிடம் கேள், பழப் பெட்டிக்குள் போட்டு வந்தது இருக்கும். தினமும் இரவு, அன்று செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடணும். பாலன் இயேசு படுக்க மெத்தை. அடம் பிடித்தாள் என்று போட்ட வைக்கோலைத் திரும்ப எடுக்காதே, மெத்தை தண்டனைக் கணக்கு ஆகிவிடும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஏற்பாடு செய்த குடிலிலும் இருந்தது வைக்கோல் நிறைந்த தொட்டியும் மாடும் கழுதையும்தான். அதனால் சுரூபம் குறைகிறதே என்று கவலைப்படாதே. பாலன் சுரூபத்தை ஒளித்துவை. எங்கே ஒளித்தாய் என்பதைப் போனில் குறித்துக்கொள். 24 ராத்திரி பாலனைக் காணோம் என்று பீரோவைக் கவிழ்க்கும் கூத்து நடக்காத வீடு குறைவு.

குடிலில் வைக்கும் புல்லுக்குக் கேப்பைதான், அதாவது கேழ்வரகுதான், நல்லது. கோதுமை பத்து நாளில் நெடுநெடுவென்று வளர்ந்து ஆட்டை மறைத்துவிடும், கடுகு சாய்ந்துவிடும். 50 கிராம் கேப்பையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, 14-ஆம் தேதி வாக்கில் விதை. பலசரக்குக் கடையில் வாங்கு. விதைக் கடைச் சரக்கில் மருந்து கலந்திருக்கலாம். அடியில் ஓட்டை போட்ட பார்சல் டப்பாவில் ஓரங்குலம் தென்னைநார்த் தூள் போட்டு, தானியம் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் ஈரத் துணியால் மூடு. பிறகு ஜன்னலோரம். தினமும் டப்பாவைத் திருப்பி வை, இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பார்த்து ஒரே பக்கம் சாயும். தண்ணீரை ஊற்றாதே, இரண்டு வேளை தெளித்தால் போதும். ஊற்றினால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். டப்பாவைச் சுற்றி எறும்புக்குத் தண்ணீர்த் தட்டு வைக்க மறக்காதே, கேப்பை அதற்கு விருந்து. டிசம்பர் முதல் தேதியே விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளாகிப் படுத்துவிடும்.

நட்சத்திரத்துக்குள் மூன்று வாட் எல்.ஈ.டி. பல்பு போடு. பழைய 60 வாட் குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும். ஹோல்டர் நடுவில் தொங்கணும், பல்பு தாளைத் தொடக் கூடாது. பால்கனியில் சாரல் அடிக்கும் என்பதால் வயர் இணைப்பு ஹாலுக்குள்ளேயே இருக்கட்டும்.

பலகாரத்தில் அச்சு முறுக்கைக் கடையில் வாங்கிவிடு. அச்சுச் சூடு பார்க்கிற வேலை, கொதிக்கும் எண்ணெய், காலைச் சுற்றி ஓடும் பிள்ளை, மூன்றும் ஒத்துவராது. பிள்ளைகளோடு செய்ய கலகலா. மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், முட்டை ஒன்று, உருக்கிய நெய் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கெட்டித் தேங்காய்ப்பால் 60 மில்லி அளந்து வைத்து, சப்பாத்தி மாவு பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விடு. ஈரத் துணி மூடி அரை மணி நேரம். பிறகு அரைநெல்லிக்காய் அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டுவது அவர்கள் வேலை. ஓரத்தை அழுத்தி ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும். அவர்கள் தூங்கியபின் மிதமான தீயில் நீ பொரித்துக்கொள். தீ குறைந்தால் எண்ணெய் குடிக்கும், கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். நன்றாக ஆறியபின் டப்பாவில் போடு, சூட்டோடு மூடினால் நமுத்துப்போகும்.

வீடு வீடாகப் பாடி வரும் கேரல் குழு வரும்போது கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டிருந்தால் சின்னவள் மிரளுவாள். ஒன்பது மணிக்குள் வரச் சொல். தாத்தா வாசலிலேயே நிற்கட்டும், நீ தூக்கி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டவை. பரிசில் பெயர் எழுதிக் குழுவிடம் முன்னாலேயே கொடுத்துவிடு. தாத்தா தெரிந்தவர் என்றால் வாட்சைக் கழற்றி, செருப்பை மாற்றச் சொல். பிள்ளைகள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். பெரியவன் ‘தாத்தா பொய்தானே?’ என்று கேட்டால் மழுப்பாதே. இன்றைய துருக்கியில் இருந்த மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ், நாலாம் நூற்றாண்டுக்காரர், டிசம்பர் 6 அவர் திருநாள் என்று சொல்லி, தங்கைக்கான பரிசை ரகசியமாக ஒளித்துவைக்கும் பொறுப்பை அவனிடம் கொடு.

நடுநிசிப் பூசைக்கு அழைத்துப் போவதானால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கவை. புது நெட் ஃப்ராக் உறுத்தும், உள்ளே பருத்தி ஷிம்மி போடு. நீ டியூட்டி முடிந்து வந்திருந்தால் 25 காலைப் பூசைக்குப் போ. பாலனை எழுந்தவுடன் தொட்டியில் வைத்தால் போயிற்று.

பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை அன்றைக்கே குடிலில் வைத்துவிடாதே. ஃப்ரிட்ஜ் மேலிருந்து கிளம்பி, தினம் ஒரு சாண் நகர்ந்து ஜனவரி 6, ராஜாக்கள் திருநாளுக்கு வந்து சேரட்டும். பங்குக் கோவிலில் ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடினாலும் நம் வீட்டு ராஜாக்களுக்கு அவசரமில்லை. ஆட்கள் தூங்கியபின் நகர்த்து, உனக்கு அரை நிமிஷ வேலை.

முள்கரண்டி வேண்டாம் என்றால் கலகலா சுருட்டுகிற மரப் பலகை ஒன்று இங்கே கிடைக்கிறது, பார்சலில் அனுப்பவா? டியூட்டி லிஸ்ட் கைக்கு வந்ததும் எழுது.

அன்புடன்,
ரோஸி