அந்தப் படத்தை இழுத்து நீட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளிலும் நூலகங்களிலும் சிறார் படம் போடுவோருக்கு 'தி கொயட் கேர்ள்' (2022) நல்ல தேர்வு. 1981இல், வீட்டில் கவனிப்பாரற்ற சிறுமி ஒருத்தி உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படும் கதை. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஐரிஷ் (அயர்லாந்தின் மொழி) படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் ஓடும்.

படம் அகலத்திரை அல்ல, அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.37:1 விகிதம். இன்றைய டி.வி.யில் முக்கால் அகலத்தைத்தான் நிரப்பும், இருபுறமும் கறுப்புப் பட்டை நிற்கும். அது பழுதல்ல, சிறுமியின் ஒடுங்கிய உலகத்துக்காக இயக்குநர் கொலம் பரேட் தேர்ந்த சட்டகம். ஆப்பரேட்டர் பட்டையைப் பார்த்ததும் 'ஜூம்' அழுத்துவார். மேலே தலையும் கீழே சப்டைட்டிலும் வெட்டுப்படும். 'ஸ்ட்ரெச்' வைத்தாலோ முகங்கள் பூசணிக்காய்தான். 'ஒரிஜினல்' அமைப்பிலேயே விடுங்கள்.

உறவினர் வீட்டில் ஐரிஷ். அப்பா பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலம். ஐரிஷ் வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் வரும் பிரதியானால் அவர் பேச்சு பிள்ளைகளுக்குப் பிடிபடாது. எல்லா வசனத்தையும் காட்டும், காது கேளாதோருக்கான சப்டைட்டிலை வைத்து, முன்கூட்டியே தமிழில் கதைச் சுருக்கம் சொல்லிவிடலாம். நடுவே மைக்கில் விளக்கம் வேண்டாம். உறவினர் வீட்டுப் பெரியவர் பேசாமல் மேசையில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போகும் இடம் அதில் போய்விடும்.

தகரக் கூரை அரங்கானால் ஆனி, ஐப்பசி மழையில் போடாதீர்கள். ஒலி அவ்வளவு மெல்லியது. ஓடிடி சந்தா வீட்டுக்கு மட்டுமே. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

திரைப்பட ஆர்வலர்கள்,
நாகர்கோவில்.