அந்தப் பாறை வளைவு இப்போது இல்லை!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவு பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். 'கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது' என்று அரைப் பக்கத்துக்கு 'அஸூர் விண்டோ' என்ற கடலோரப் பாறை வளைவின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த வளைவு 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் மொத்தமாகக் கடலுக்குள் போய்விட்டது. கடனை உடனை வாங்கிப் போகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

நான் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். 2006 செப்டம்பரில் எங்கள் கப்பல் ரிப்பேருக்காக மால்டாவில் ட்ரை டாக் ஏறியது. மூன்று வாரம். அந்த வளைவையும் போய்ப் பார்த்தேன், அழகுதான். ஆனால் அது போனதால் தீவே போய்விடவில்லை. உங்கள் கட்டுரையில் விட்டுப்போன விஷயங்கள்தான் அதிகம்.

முதலில், அது எவ்வளவு சின்ன இடம் என்று சொல்ல வேண்டும். மால்டா நாட்டின் எல்லாத் தீவுகளும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியே 426. வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஊரெல்லாம் ஒரே மஞ்சள் சுண்ணாம்புக் கல். சாயங்கால வெயில் பட்டால் வீடு, கோட்டை, மாதா கோயில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மார்சஷ்லொக் என்ற மீனவர் ஊரில் சந்தை. காசிமேட்டில் மீன் விற்ற அம்மாவின் பிள்ளை நான், விடுவேனா? படகுகளுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாக வர்ணம். முகப்பில் இரண்டு பக்கமும் ஒரு கண். பழங்காலக் கடலோடிகளான ஃபினீசியர் காலத்து வழக்கம் என்கிறார்கள். அங்கே அப்போது லம்புக்கி சீசன். நெற்றி செங்குத்தாக, தங்கமும் பச்சையுமாக மின்னும் மீன், செத்ததும் நிறம் மங்கிவிடும். பழக்கதோஷத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. கடைக்காரக் கிழவர் சிரித்துவிட்டு, தானே இன்னொன்றின் செவுளையும் தூக்கிக் காட்டினார். இந்த மீன் நிழலில் ஒதுங்குமாம். அதனால் ஓலையைக் கட்டி மிதக்கவிட்டு, அடியில் சேர்ந்ததும் வலையால் வளைத்துவிடுவார்கள். கணவாய்க்கு ஓலை போடுகிற நம் ஆட்களுக்கு இது புரியும்.

அந்தக் கிழவர் எண்ணியதைத்தான் கேட்க வேண்டும். 'வீஹெத், த்னெய்ன், த்லீத்தா.' எங்களோடு வந்த மோட்டார்மேன் சவூதியில் வேலை பார்த்தவர். "யோவ், இது அரபி மாதிரியே இருக்கே!" என்றார். எழுதுவது ஆங்கில எழுத்தைப் போல, பேசுவது அரபிக்கு உறவான மொழி, கும்பிடுவது மாதாவை. கடவுளுக்கு அவர்கள் சொல்லும் பெயரும் 'அல்லா'தான்.

சாப்பாட்டில் பஸ்திட்ஸியைச் சொல்லாமல் விட்டது பெரிய தப்பு. நம் பேக்கரி பப்ஸுக்கு அண்ணன். உள்ளே பன்னீர் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி, இல்லாவிட்டால் மசித்த பட்டாணி. கூடவே கண்ணாடி டம்ளரில் பால் டீ. ராயபுரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன். கோட்ஸோ தீவில் உள்ள ஜ்கன்தியா கோயில் பிரமிடுகளுக்கும் ஆயிரம் வருஷம் மூத்தது, கி.மு. 3600 வாக்கில் கட்டியது. ஒரு ராட்சசி கட்டினாள் என்பது ஊர்க்கதை. தலைநகர் வலெட்டாவில் புனித யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த படம் இருக்கிறது. யோவானின் தலையை வெட்டும் காட்சி. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அது. எனக்கு ஓவியம் தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் நகரவில்லை.

மெட்ராஸ்காரர்களுக்கு இன்னொன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அந்த ராத்திரி சட்டிபானையோடு திருவொற்றியூர் பக்கம் ஓடினதாக எங்கள் கொள்ளுப்பாட்டி கதை சொல்வாராம். அந்த நவம்பரிலேயே எம்டன் கோகோஸ் தீவுகளில் நொறுங்கியது. பிழைத்த கேப்டன் முல்லரையும் அவர் ஆட்களையும் மால்டாவில்தான் சிறை வைத்தார்கள். கெட்டிக்காரனை இன்றும் எம்டன் என்கிறோம், எம்டனையே பிடித்துப் போட்ட ஊரை யாருக்கும் தெரியாது. எனக்கே வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தால் ஒரு லீவு நாளை அதற்கென்றே ஒதுக்கியிருப்பேன்.

போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்கவும். நீலத் தண்ணீருக்குப் பெயர் போன கொமினோ தீவில் அப்போது கால் வைக்க இடமிருக்காது. அப்புறம் ஹிப்போஜியம். 1902-இல் வீடு கட்டத் தோண்டும்போது அகப்பட்ட மூன்று அடுக்குப் பாதாளக் கல்லறை. ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் உள்ளே விடுவார்கள். விவரம் தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பியவன் நான். அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள் மகள். அந்த டிக்கெட்டை முதலில் போடு, விமான டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் ஃபிட்டர்,
ராயபுரம், சென்னை - 13